யாருடைய ஜாடி?

சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில், ஆந்திர மாநில எல்லை முடிவதற்குச் சற்று முன்னால் அமைந்திருக்கும் ஊர் குடிபாலா. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாக ஆகும் வரையில் இப்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. ஆகவே தமிழும் தெலுங்கும் இங்கே ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும் மொழிகள். மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற மாவட்டம் இது. காய் பறிக்கும் பருவம் வந்துவிட்டால் தெலுங்கு பேசும் இல்லங்களில் ஆவக்காயும், தமிழ் பேசும் இல்லங்களில் மாவடுவும் தயாராகும். பண்டம் வேறு வேறானாலும் அதைத் தாங்கும் பாத்திரம் ஒன்றே. மேற்பகுதி பழுப்பாகவும் கீழ்ப்பகுதி வெளிறியும், அகன்ற வயிறும் குறுகிய கழுத்தும் கொண்ட பீங்கான் ஜாடியே அது.

அந்த ஜாடியை மக்கள் விரும்பியதற்குத் தக்க காரணம் இருந்தது. புளிப்பும் உப்பும் பட்டால் செம்பும் பித்தளையும் களிம்பேறிவிடும். சாதாரண மண்பாண்டத்தில் நுண்துளைகள் இருப்பதால் எண்ணெயும் நீரும் கசியும். தேர்ந்த களிமண்ணை 1200 டிகிரி செல்சியஸ் அளவிலோ அதற்கு மேலோ சுடும்போது அதன் துகள்கள் ஓரளவு உருகி ஒன்றோடொன்று பிணைந்து கல்லாக இறுகுகின்றன. மேலே இட்ட மெருகு கண்ணாடியைப்போல் படிந்துவிடுகிறது. அதன்பின் எந்தப் புளிப்பும் அதை அரிப்பதில்லை. பதினான்காம் நூற்றாண்டில் கடற்பயணம் செய்த இபின் பதூதா, உப்பிலிட்ட இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் நிரப்பிய 'மர்த்தபான்' ஜாடிகளைப் பரிசாகப் பெற்றதை எழுதி வைத்திருக்கிறார். பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் பெயரால் வந்த அந்தச் சொல்லே இன்றும் இந்தியில் ஊறுகாய் ஜாடியைக் குறிக்கிறது.

கண்ணாடிப் புட்டிகளும் பிளாஸ்டிக் டப்பாக்களும் வந்தபின் ஜாடிகள் பரணுக்கு ஏறின. பல காலம் தூசியில் கிடந்த அவற்றுக்கு இப்போது மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. இம்முறை அவற்றைத் தேடி வருபவர் சமையற்கட்டுக்காக வருவதில்லை, சேகரிப்புக்காக வருகிறார். காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த ஜாடிகளும் பாத்திரங்களும் மரச்சாமான்களும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. அமெரிக்காவிலும் இதே நிலைதான். ஒரு காலத்தில் உப்புக் கண்டமும் வெண்ணெயும் வைத்துப் பயன்படுத்திய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பீங்கான் தாழிகளை அங்கே ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள்.

பழைய பொருளை விரும்புவது பாவமல்ல. ஆனால் ஒரு பொருளை 'என்னுடையது' என்று சொல்ல மனிதனுக்கு எப்போது உரிமை பிறக்கிறது? ஆன்மிக வாழ்வில் அடியெடுத்து வைத்த ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டிய இந்த வினாவை ஓர் ஊறுகாய் ஜாடியும் எழுப்பக்கூடும்.

வாசற்படியில் ஒரு சோதனை

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். குடிபாலாவை அடுத்த சிற்றூர் ஒன்றில் முதிய பெண்மணி ஒருவர் தனியே வாழ்கிறார். மக்கள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றுவிட்டார்கள். நகரத்திலிருந்து காரில் வந்த ஒருவர் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய ஜாடியைப் பார்க்கிறார். நூறு ரூபாய் தருவதாகச் சொல்கிறார். "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குது" என்று அந்த அம்மையார் மகிழ்ச்சியோடு சொல்கிறார். கடையில் அதே ஜாடி அதைப்போல் பல மடங்கு விலை போகும் என்பது வந்தவருக்குத் தெரியும், அம்மையாருக்குத் தெரியாது.

இங்கே அநீதி நடந்ததா? வந்தவர் பொய் சொல்லவில்லை, வற்புறுத்தவில்லை. கேட்ட விலைக்கு அந்த அம்மையார் மனமுவந்து இசைந்தார். சட்டத்தின் கண்ணுக்கு இது குற்றமற்ற வியாபாரம். எனினும் காரில் திரும்பும்போது வந்தவரின் உள்ளத்தில் ஒரு சிறு முள் உறுத்துமானால், அந்த உறுத்தலை அவர் அலட்சியம் செய்யலாகாது. அது மனச்சாட்சியின் குரல்.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்வில் இதற்கு நேர் எதிரான திசையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இளைஞரான யோகின், பிற்காலத்தில் சுவாமி யோகானந்தர், ஒருநாள் கடைக்குச் சென்று இரும்பு வாணலி ஒன்றை வாங்கி வந்தார். கடைக்காரர் நல்ல பொருளையே தருவார் என்று நம்பி அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. வந்து பார்த்தால் அதில் விரிசல். குருதேவர் அவரைக் கடிந்துகொண்டார். பக்தனாக இருப்பதற்காக அறிவைக் கைவிட வேண்டியதில்லை என்பதும், கடைக்காரர் கடை திறந்திருப்பது வியாபாரத்திற்காகவே என்பதும் அவர் உணர்த்திய பாடம். நாலு கடை ஏறி விலை விசாரித்து, பொருளைப் பார்த்து வாங்கவேண்டும் என்றார்.

ஆகவே பேரம் பேசுவதை ஆன்மிகம் தடுக்கவில்லை. ஆனால் இந்த நிகழ்ச்சியைச் சற்று ஆழ்ந்து நோக்கவேண்டும். குருதேவர் தம் சீடரைக் காத்தது பிறர் ஏமாற்றுவதிலிருந்து. சீடர் பிறரை ஏமாற்றக் கற்றுக்கொள்வதற்கு அதில் சிறிதும் இடமில்லை. தொழிலாக விற்பவரிடம் விழிப்போடு இருப்பது விவேகம். தன் பொருளின் மதிப்பையே அறியாத ஒரு முதியவரின் அறியாமையை முதலாக்கிக்கொள்வது வேறு. முன்னதில் இருவரும் சமமான தரையில் நிற்கிறார்கள். பின்னதில் ஒருவர் இருட்டில் நிற்கிறார், மற்றவர் விளக்கை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் துலாதாரன் என்ற வணிகனின் வரலாறு வருகிறது. தன் சடையில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் வரை அசையாமல் தவம் செய்த ஜாஜலி, தன் தவத்தை எண்ணிச் செருக்குற்றார். காசியில் கடை வைத்திருக்கும் துலாதாரனுக்கு அவர் ஈடாக மாட்டார் என்று ஓர் அசரீரி சொல்லிற்று. ஜாஜலி சென்று பார்த்தபோது அந்த வணிகன் பண்டங்களை நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எல்லா உயிர்களிடத்தும் சமமாக நிற்கும் தராசே அவனுடைய தவமாக இருந்தது. வாங்குபவர் கையிலும் ஒரு தராசு உண்டு என்பதை இந்த வரலாறு நினைவூட்டுகிறது. தீய வழியில் சேர்த்த பொருளைப் பசுமண் கலத்தில் ஊற்றிய நீருக்கு ஒப்பிடுகிறார் திருவள்ளுவர். சுடாத கலம் தன்னிடமுள்ள நீரையும் காக்காது, தானும் நிலைக்காது. நன்கு சுட்ட ஜாடியைச் சுடாத நேர்மையோடு வாங்கினால், கையில் மிஞ்சுவதும் பசுமண் கலமே.

ஐந்து குற்றங்கள்

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரங்களில் யமங்கள் ஐந்தனுள் அபரிக்ரகத்தைச் சேர்த்திருக்கிறார். தேவைக்கு மேல் ஏற்காமை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அதற்கு உரை வகுத்த வியாசர், பொருள்களைச் சேர்ப்பதில் ஐந்து குற்றங்களைக் காண்கிறார். தேடும்போது உண்டாகும் துன்பம், காக்கும்போது உண்டாகும் துன்பம், அழியும்போது உண்டாகும் துன்பம், ஒட்டிக்கொள்ளும் பற்று, பிற உயிர்களுக்கு நேரும் தீங்கு ஆகியவை அவை.

சேகரிப்பாளர் ஒருவரின் வாழ்வை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். முதலில் ஊர் ஊராக அலைச்சல். கிடைத்ததும் அலமாரி, பூட்டு, காவல். வேலைக்காரப் பெண் துடைக்கும்போது ஜாடி நழுவிவிடுமோ என்ற அச்சம். ஒருநாள் அது உண்மையிலேயே உடைந்தால், உடைந்தது மண் என்று உள்ளம் ஏற்பதில்லை. தானே உடைந்துவிட்டதாகத் துடிக்கிறது. அந்தப் பெண்ணின் மீது வீசும் கடுஞ்சொல் ஐந்தாவது குற்றமாகிய இம்சையாகவும் ஆகிவிடுகிறது. ஊறுகாய் போட்ட காலத்திலும் ஜாடிகள் உடைந்தன. அப்போது வீட்டார் ஊறுகாய் போயிற்றே என்று வருந்தி, மறு சந்தையில் வேறொரு ஜாடி வாங்கினர். பயன் மட்டும் இருந்தவரை இழப்பு சிறிதாக இருந்தது. 'என் சேகரிப்பு' என்ற எண்ணம் நுழைந்தபின் இழப்பு பெரிதாகிவிட்டது.

பெயர் பொறித்த ஜாடி

ஐந்தாவது குற்றமாகிய தீங்கு, பொருளை வாங்குபவரின் காலத்துக்கு முன்பே அதில் படிந்திருக்கவும் கூடும். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் எட்ஜ்ஃபீல்டு என்ற பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் டேவிட் டிரேக் என்ற குயவர் வாழ்ந்தார். அவர் அடிமை. அவர் வனைந்த தாழிகளில் மிகப் பெரியவை நூற்றைம்பது லிட்டர் வரை கொள்ளும். அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவதை 1834-இல் அம்மாநிலம் சட்டத்தால் தடுத்தது. அந்தச் சூழ்நிலையிலும் அவர் ஈரம் காயாத ஜாடியின் தோளில் தம் பெயரையும் நாளையும் சில வேளைகளில் சிறு கவிதைகளையும் பொறித்தார். தம் உடலுக்கே தாம் உரிமையாளர் அல்லாத ஒரு மனிதர், தம் கைவேலையில் தம் பெயரை எழுதி வைத்தார்.

1858-இல் அவர் செய்த ஜாடி ஒன்று 2021-இல் 15 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போயிற்று. அதை வனைந்த கைகளுக்கோ அவர் வழிவந்தோருக்கோ அதில் ஒரு காசும் உரிமையாக இருக்கவில்லை. 2025-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஒரு புதிய வழியைக் காட்டியது. தன்னிடம் இருந்த, 1857-இல் அவர் செய்த இரு ஜாடிகளின் உரிமையை அவருடைய வழித்தோன்றல்களுக்குத் திருப்பி அளித்தது. பின்னர் ஒன்றை அவர்களிடமிருந்தே விலைகொடுத்து வாங்கியது. மற்றொன்றை அவர்களிடம் இரவலாகப் பெற்றுக் காட்சியில் வைத்தது. ஜாடிகள் கட்டடத்தை விட்டு நகரவில்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் நகரவேண்டியது நகர்ந்துவிட்டது. நெடுங்காலம் விலைபேசிய எவரும் கேளாத ஒரு குடும்பத்தின் சம்மதத்தை ஒரு பெரிய நிறுவனம் கேட்டுப் பெற்றது.

ஈசாவாஸ்ய உபநிடதம் தன் முதல் மந்திரத்திலேயே, அனைத்தும் ஈசனால் நிறைந்தது என்றும், துறந்து அனுபவிக்க வேண்டும் என்றும், பிறர் பொருளை விரும்பலாகாது என்றும் கற்பிக்கிறது. மற்ற நூல்கள் அனைத்தும் அழிந்து இந்த ஒரு மந்திரம் எஞ்சினாலும் இந்து சமயம் வாழும் என்று 1937-இல் திருவிதாங்கூரில் காந்தியடிகள் குறிப்பிட்டார். செல்வம் உள்ளவர் அதற்குத் தர்மகர்த்தா மட்டுமே என்பது அவர் வலியுறுத்திய கொள்கை. கோயில் தர்மகர்த்தா கோயில் நகையை அணிந்து பார்ப்பதில்லை. கணக்கில் வைத்துக் காக்கிறார். பொருளிடம் மனிதன் நிற்கவேண்டிய இடம் அது.

மதிப்பும் பற்றும்

அப்படியானால் பழைய பொருள்களைக் காப்பதே தவறா? பரணில் கிடப்பவை உடைந்து குப்பையாகட்டும் என்று விட்டுவிடுவதா வைராக்கியம்? இல்லை. அன்னை ஸ்ரீசாரதா தேவியாரின் இல்லத்தில் ஒருமுறை பெருக்கி முடித்தவர் துடைப்பத்தை அலட்சியமாக வீசினார். அன்னையார் அதைக் கண்டித்தார். துடைப்பத்துக்கும் அதற்குரிய மரியாதை உண்டு. எடுத்த அக்கறையோடு அதை வைக்கவும் வேண்டும் என்று அறிவுறுத்தினார். பொருளை மதிப்பது ஒன்று. பொருளில் மயங்குவது மற்றொன்று. அன்னையார் துடைப்பத்தை மதித்தார். அது தம்முடையது என்பதால் மதிக்கவில்லை. அது சேவை செய்கிறது என்பதால் மதித்தார்.

இந்த மதிப்போடு சேகரித்தவர்களும் நம் நாட்டில் உண்டு. புனேயைச் சேர்ந்த தினகர் கங்காதர் கேல்கர் தம் மகன் ராஜாவைச் சிறு வயதிலேயே இழந்தார். சுமார் 1920 முதல் அவர் நாடெங்கும் சென்று மக்களின் அன்றாட வாழ்வுப் பொருள்களைத் திரட்டினார். விளக்குகள், பாக்குவெட்டிகள், பாத்திரங்கள், இசைக்கருவிகள் என்று அவை ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றைக் கொண்ட அருங்காட்சியகத்துக்குத் தம் பெயருக்கு முன் மகனின் பெயரைச் சூட்டினார். 1975-இல் முழுத் தொகுப்பையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்துவிட்டார். கவிதை எழுதும்போது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'அஞ்ஞாதவாசி'. அறியப்படாமல் வாழ்பவன் என்பது அதன் பொருள். அகமதாபாத்தில் சுரேந்திர படேல் 1981-இல் பாத்திரங்களுக்கென்றே 'விசார்' என்ற அருங்காட்சியகத்தை நிறுவினார். உருக்கப்பட்டு மறைந்திருக்கக்கூடிய பாத்திரங்கள் இன்று அங்கே எளிய மக்களின் கைத்திறனுக்குச் சான்று கூறுகின்றன.

கேல்கரும் சேர்த்தார். ஆனால் சேர்த்தது கொடுப்பதில் முடிந்தது. புத்திர சோகம் ஒரு வீட்டுக்குள் பூட்டிய துயரமாக நின்றிருக்கலாம். அது எல்லாரும் வந்து காணும் கூடமாக விரிந்தது. சேர்ப்பவன் இறுதியில் கதவைத் திறந்தானா, பூட்டினானா என்பதைக் கொண்டே அவனுடைய சேகரிப்பை எடைபோட வேண்டும்.

மண்ணும் வெளியும்

வேதாந்தம் குடத்தையே பாடநூலாக எடுத்துக்கொண்ட சாஸ்திரம். சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவுக்கு உபதேசிக்கும்போது, ஒரு மண்கட்டியை அறிந்தால் மண்ணாலான அனைத்தையும் அறிந்ததாகும் என்கிறார். குடம், சட்டி, ஜாடி என்பவை பெயர் வேறுபாடுகள். உண்மையாக இருப்பது மண். கௌடபாதர் தம் மாண்டூக்ய காரிகையில் கடாகாசத்தை உவமையாக்குகிறார். குடத்துக்குள் அடைபட்டதுபோல் தோன்றும் வெளி உண்மையில் ஒருபோதும் அடைபடவில்லை. குடம் உடைந்தால் அது மகாகாசத்தோடு புதிதாகக் கலப்பதும் இல்லை. முன்பே அதுவாகத்தான் இருந்தது.

இந்த நோக்கில் பார்த்தால் சேகரிப்பாளரின் மயக்கம் தெளிவாகிறது. ஜாடியின் வயது, மெருகு, அபூர்வம் ஆகியவற்றுக்கு அவர் விலை கொடுக்கிறார். ஜாடியை ஜாடியாக்கிய உள்வெளிக்கு விலை ஏதும் இல்லை. ஊறுகாய் இருந்ததும் அந்த வெளியில்தான். புதிய ஜாடியைத் திறந்த நாளில் அண்டை வீட்டுக்கு ஒரு கிண்ணம் சென்றதும் அதிலிருந்துதான். கங்கைக் கரையில் அமர்ந்த ஸ்ரீராமகிருஷ்ணர் ஒரு கையில் நாணயத்தையும் மறு கையில் மண்ணையும் எடுத்து, இரண்டும் ஒன்றே என்று விசாரம் செய்து, இரண்டையும் ஆற்றில் எறிந்தார். பொன்னும் மண்ணே என்று கண்டவருக்குப் பொன் விலை போகும் மண்ணிடம் எங்கே மயக்கம்?

யாக்ஞவல்கியர் தம் சொத்தைப் பங்கிட்டுத் துறவு பூணப் புறப்பட்டபோது, மைத்ரேயி அந்தப் பங்கை விரும்பவில்லை. செல்வத்தால் அமரத்துவம் கிட்டுமா என்று கேட்டார். எப்பொருளும் அப்பொருளுக்காகப் பிரியமானதாவதில்லை, ஆத்மாவின் பொருட்டே பிரியமாகிறது என்று முனிவர் விடையளித்தார். பழைய ஜாடியின் முன் நிற்கும்போது உள்ளத்தில் ஊறும் இன்பமும் அத்தகையதே. பாட்டியின் கை, வெயிலில் உலர்ந்த மாங்காய், கூட்டுக் குடும்பத்தின் சமையற்கட்டு என்று தான் இழந்துவிட்ட நிறைவை மனிதன் அந்த மண்ணில் தேடுகிறான். நிறைவு அவனுக்குள்ளேயே இருக்கிறது. ஜாடி அதை நினைவூட்டினால் அதற்கு நன்றி சொல்லலாம். அதை ஜாடிக்குள் அடைக்க முயன்றால் கிட்டுவது வெறுமை.

மீண்டும் அந்த வாசலில்

குடிபாலாவை அடுத்த அந்தக் கொல்லைப்புறத்துக்குத் திரும்பலாம். வந்தவர் தராசைச் சமமாகப் பிடிப்பவராக இருந்தால் என்ன செய்வார்? முதலில் உண்மையைச் சொல்வார்: "அம்மா, இதற்கு வெளியில் நல்ல விலை இருக்கிறது." அதன்பின் அவர் விற்க விரும்பினால் நியாயமான தொகையைக் கொடுப்பார். அந்த ஜாடி யாருடையது, எந்தச் சந்தையில் வாங்கியது, எத்தனை பருவம் மாங்காய் கண்டது என்று கேட்டு எழுதிக்கொள்வார். அந்த வரலாறு இல்லாமல் ஜாடியை மட்டும் எடுத்துச் செல்வது நூலின் அட்டையை மட்டும் எடுத்துச் செல்வதற்குச் சமம். ஒருவேளை விலையைக் கேட்ட அம்மையார், "அப்போ பேத்திக்கே இருக்கட்டும் தம்பி" என்று சொல்லவும் கூடும். வந்தவர் வெறுங்கையோடு திரும்ப நேரும். அப்போது எழும் ஏமாற்றத்தை அவர் புன்னகையோடு தாங்கிக்கொண்டால், ஜாடி கிடைத்திருந்தாலும் கிட்டாத ஒன்று அவருக்குக் கிட்டிவிட்டது.

பூண்டு அரைத்து வைத்த கிண்ணத்தை எத்தனை முறை கழுவினாலும் வாசனை எளிதில் போவதில்லை என்று ஸ்ரீராமகிருஷ்ணர் சொல்வதுண்டு. பழைய வாசனைகள் மனத்தை விட்டு நீங்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு அவர் காட்டிய உவமை அது. நன்கு சுட்டு மெருகிட்ட ஜாடியோ ஆண்டு முழுவதும் காரத்தையும் உப்பையும் புளிப்பையும் தன்னுள் வைத்துக் காக்கிறது. கழுவி வெயிலில் வைத்தால் அடுத்த பருவத்துக்குத் தூய்மையாக நிற்கிறது. தாங்கினாலும் தன்மேல் ஏற்றிக்கொள்வதில்லை. சூளையின் வெப்பம் அதற்கு அந்தத் தன்மையைத் தந்தது. விவேகம் என்னும் நெருப்பில் சுட்டு, வைராக்கியம் என்னும் மெருகிட்ட மனமும் உலகப் பொருள்களை அவ்வாறே தாங்க வல்லது. அத்தகைய மனம் படைத்தவர் இல்லத்தில் நூறு ஜாடிகள் இருந்தாலும் அவர் துறவியே. அது வாய்க்காதவர் ஒரே ஒரு ஜாடி வைத்திருந்தாலும், அந்த ஜாடிக்குள் அடைபட்டுக் கிடப்பவர் அவரே.